ஈ.பி.எம். வேண்டும் என்று எல்லா மாணவர்களும் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் யாரும் செய்வதில்லை?

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒருவரின் கேள்வி இது. நல்ல ஆய்வுகளைத் தேடி எடைபோட்டுச் சிகிச்சையை முடிவு செய்வதுதான் சான்று சார்ந்த மருத்துவம், கல்லூரியில் எல்லோரும் ஈ.பி.எம். என்று சொல்வது. தன் சக மாணவர்களுக்கு அது எவ்வளவு தெரியும், அதைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு சர்வே எடுக்கப் போகிறார். முன்னோட்டமாகச் சிலரிடம் கேள்வித்தாளைக் கொடுத்தாராம். எல்லோரும் "மிகவும் அவசியம்", "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வார்டில் ஒருவர்கூட ஓர் ஆய்வுக்கட்டுரையைத் திறந்து பார்த்து அவர் கண்டதில்லை. "சார், இது அறிவில் உள்ள குறையா, மனப்பான்மையில் உள்ள குறையா, இல்லை என் கேள்வித்தாளில் உள்ள குறையா?" என்கிறார்.

பாதிக்கு மேல் கேள்வித்தாளின் குறைதான். மீதியை மாணவர்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அது நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மனப்பான்மை. "நல்ல ஆய்வுகளின் அடிப்படையில் சிகிச்சையை முடிவு செய்வது நோயாளிக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் எந்த மாணவர் இல்லை என்று எழுதுவார்? நோயாளியைத் தொடும் முன் கை கழுவ வேண்டுமா என்று கேட்பது போலத்தான் இது. ஆமாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வார்டில் எத்தனை பேர் கழுவுகிறார்கள் என்பது தனிக் கணக்கு.

இது நம் மாணவர்களிடம் மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதிக் குடும்ப மருத்துவர்களிடம் எடுத்த சர்வே ஒன்று 1998இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் எடுக்கப்பட்ட எத்தனையோ சர்வேக்களுக்கு அந்தக் கேள்வித்தாள்தான் மூலம். அதிலும் பெரும்பாலோர் ஈ.பி.எம்.மை வரவேற்றார்கள், நோயாளிக்கு நல்லது என்றார்கள். ஆனால் ஒரு சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் இருப்பதே தெரியும் என்றவர்கள் 40 சதவீதம்தான். ஆய்வுகளைத் தாங்களே தேடி எடைபோடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றவர்கள் மிகச் சிலர். யாராவது படித்து, சுருக்கி, வழிகாட்டியாகக் கையில் கொடுத்தால் போதும் என்றவர்கள்தான் அதிகம். வேலை செய்யும் மருத்துவர்களே இப்படி என்றால், ஃபைனல் இயர் மாணவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அறிவை அளப்பதிலும் இதே சிக்கல். ஆய்வுகளில் வரும் புள்ளியியல் சொல் ஒன்றை எடுத்து, "ஆட்ஸ் ரேஷியோ: தெரியும், பிறருக்கு விளக்கவும் முடியும் / ஓரளவு தெரியும் / தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பம்" என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் நீங்கள் அளப்பது தன்னம்பிக்கையை. 2002இல் ஆஸ்திரேலியக் குடும்ப மருத்துவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தெரியும் என்று டிக் அடித்தவர்களிடமே "சரி, விளக்குங்கள்" என்று கேட்டபோது முழுமையாக விளக்கியவர்கள் மிகக் குறைவு. தானே தனக்குப் போடும் மார்க்குக்கும் உண்மையான அறிவுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதுதான் அதில் கிடைத்த செய்தி.

சரி, மாணவருக்கு உண்மையில் எது தெரிந்திருக்க வேண்டும்? இங்கேதான் நம் கல்லூரிகளில் பாதை மாறிவிடுகிறது. ஈ.பி.எம். என்றதும் மாணவர் மனத்தில் வருவது ஒரு பிரமிடு. உச்சியில் மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் போடும் கணக்கு), அடுத்து ரேண்டமைஸ்டு ட்ரையல் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிடுவது), அப்புறம் கோஹார்ட், கேஸ் கன்ட்ரோல் என்ற கவனிப்பு ஆய்வுகள், அடியில் நிபுணர் கருத்து. மனப்பாடம் செய்ய வசதியான படம். "உயர்ந்த சான்று எது?" என்று ஒரு எம்.சி.க்யூ. (விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) வரும், ஒரு மார்க் கிடைக்கும், முடிந்தது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்டன் கயாட்டும் சக மருத்துவர்களும் இதைத் தொடங்கியபோது எண்ணம் அதுவாக இல்லை. 1992இல் ஜாமா இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, மருத்துவத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு புது முறை என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அதாவது பிறப்பிலேயே இது கற்பித்தலைப் பற்றிய விஷயம். வார்டில் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது எழும் சந்தேகத்தைக் கேள்வியாக மாற்று, பதிலைத் தேடு, கிடைத்ததை எடைபோடு, இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று பார். அவ்வளவுதான். 1996இல் டேவிட் சாக்கெட்டும் மற்றவர்களும் பி.எம்.ஜே.யில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: ஆய்வுச் சான்று, மருத்துவரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர வேண்டும் என்று. பிரமிடைப் படித்தவர்களுக்குக் கடைசி இரண்டும் ஞாபகம் இருப்பதில்லை. வைவாவில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேள்வித்தாளில் சேர்க்க ஒரு கணக்கு தருகிறேன். ஒரு நோய் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதற்கான டெஸ்ட், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். ஒருவருக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருடைய அறிகுறிகள் பற்றி வேறொன்றும் தெரியாது. அவருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978இல் ஹார்வர்டில் இதை 60 பேரிடம் கேட்டார்கள். 20 இறுதியாண்டு மாணவர்கள், 20 ஹவுஸ் ஆபீசர்கள், 20 மூத்த மருத்துவர்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். 2014இல் பாஸ்டன் பகுதி மருத்துவமனை ஒன்றில் இதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். 61 பேரில் 14 பேர் சரி. அப்போதும் அதிகம் பேரின் பதில் அதே 95.

கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோய் உள்ளவர் ஒருவர். அவருக்கு பாசிட்டிவ் வரும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 999 பேரில் 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 50 பேருக்குப் பொய்யாக பாசிட்டிவ். மொத்தம் 51 பாசிட்டிவில் உண்மை ஒன்று. சுமார் 2 சதவீதம். கம்யூனிட்டி மெடிசினில் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி, பாசிட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ என்று இதே கணக்குகளை எல்லாம் இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு அழகாகச் செய்த அதே மாணவர், ஓ.பி.யில் இரண்டு நாள் காய்ச்சலுக்கு விடால் (டைஃபாய்டுக்கான ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் டைஃபாய்டு என்று எழுதிவிடுகிறார். அந்த டெஸ்ட் தேடும் ஆன்டிபாடி எழும்பவே ஒரு வாரம் ஆகும் என்பதும் அவருக்கு மைக்ரோபயாலஜியில் தெரியும். இரண்டு பாடமும் தலையில் இருக்கின்றன, தனித்தனி அறைகளில். வார்டில் யாரும் அந்தக் கதவைத் திறந்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் சோதியுங்கள்: ரிலேட்டிவ் ரிஸ்க்கை (ஆபத்து எத்தனை மடங்கு மாறுகிறது) கேட்டதும் அப்சல்யூட் ரிஸ்க்கை (எத்தனை பேரில் எத்தனை பேருக்கு) விசாரிக்கத் தோன்றுகிறதா என்று. 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி வரும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தது. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. இரட்டிப்பு என்றது எதை? ஏழாயிரத்தில் ஒருவர் என்பது ஏழாயிரத்தில் இருவர் ஆனது. கர்ப்பத்திலேயே ரத்தக்கட்டிக்கான ஆபத்து அதைவிட அதிகம் என்பதுதான் கொடுமை. மெடிக்கல் ரெப் நீட்டும் பளபளப்புத் தாளில் "50 சதவீதம் குறைப்பு" என்று பெரிய எழுத்தில் இருந்தால் எதில் 50 சதவீதம் என்று கேட்கும் மாணவருக்கு நான் பாதி மார்க்கை அங்கேயே போட்டுவிடுவேன்.

இந்த மாதிரி கணக்குகளைவிட ஆழமான ஒரு தடை இருக்கிறது. சர்வேக்கள் அதைத் தொடுவதே இல்லை. எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலிருந்து நாங்கள் மாணவர்களைப் பழக்குவது காரணகாரியத்தில். இந்த ரிசெப்டரை அடைத்தால் இது குறையும், இது குறைந்தால் அது சரியாகும். ஃபிசியாலஜி, பேத்தாலஜி, ஃபார்மகாலஜி எல்லாமே இந்த ஓட்டத்தில்தான் போகின்றன. நன்றாகப் படிக்கிற மாணவர் என்றால் மெக்கானிசத்தை நன்றாகச் சொல்கிறவர் என்று பொருள். அவரிடம் திடீரென்று "மெக்கானிசம் சரியாக இருந்தாலும் மருந்து ஆளைக் கொல்லலாம்" என்றால் நம்ப மாட்டார்.

அதற்குத்தான் காஸ்ட் என்று அழைக்கப்படும் அமெரிக்க ட்ரையலைச் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு வென்ட்ரிக்குலர் எக்டோபிக்ஸ், அதாவது இதயத்தின் கீழறையில் எழும் தப்புத் துடிப்புகள், அதிகம் இருந்தால் திடீர் மரணம் அதிகம். இது தெரிந்த விஷயம். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகள் எக்டோபிக்ஸை அடக்கும்; இதுவும் நிரூபிக்கப்பட்டது. அப்படியானால் மரணம் குறைய வேண்டும் அல்லவா? இ.சி.ஜி. சுத்தமாகிவிட்டது என்று மகிழ்ந்து மருத்துவர்கள் எழுதிக்கொண்டும் இருந்தார்கள். ட்ரையலில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை, எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இல் இந்த இரு மருந்துகளின் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதை வகுப்பில் எண்களைச் சொல்லாமல் முதலில் மெக்கானிசம் மட்டும் சொல்லி, "எழுதுவீர்களா?" என்று கேட்டு, கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் எண்களைப் போர்டில் எழுத வேண்டும். ஒரு மணிநேர பிரமிடு வகுப்பைவிட இது பதியும்.

வார்டில் இது எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணம். மழைக்காலம், டெங்கு வார்டு. 30 வயது ஆள், ஐந்தாம் நாள், காய்ச்சல் இறங்கிவிட்டது. பி.பி. சரியாக இருக்கிறது, எங்கும் ரத்தக்கசிவு இல்லை. பிளேட்லெட் 18,000. வெளியே அவருடைய மைத்துனர் ரத்த வங்கிக்கும் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். வாட்ஸ்ஆப் குரூப்பில் டோனர் தேடும் செய்தி போய்விட்டது. ஹவுஸ் சர்ஜனுக்குச் சந்தேகம்: பிளேட்லெட் ஏற்றலாமா?

இதைக் கேள்வியாக மாற்ற வேண்டும். யார்: ரத்தக்கசிவு இல்லாத, பிளேட்லெட் 20,000க்குக் கீழே உள்ள வயது வந்த டெங்கு நோயாளி. என்ன செய்கிறோம்: முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றுகிறோம். எதோடு ஒப்பிடுகிறோம்: ஏற்றாமல் கவனமாகப் பார்த்துக்கொள்வது. எதைப் பார்க்கிறோம்: ரத்தக்கசிவு. கவனியுங்கள், பிளேட்லெட் எண்ணிக்கை ஏறியதா என்பது நம் கேள்வி அல்ல. காஸ்ட் ட்ரையலில் எக்டோபிக்ஸ் எப்படியோ, இங்கே எண்ணிக்கை அப்படி. மாணவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் வழுக்குவார்கள். பப்பாளி இலைச் சாறு பற்றிய ஆய்வுகளைக் காட்டி எண்ணிக்கை கூடியது என்று வாதாடுவார்கள். கூடட்டும். கசிவு குறைந்ததா, ஆள் சீக்கிரம் வீடு போனாரா என்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

போனில் பப்மெடை (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) திறந்து டெங்கு, ப்ரோஃபிலாக்டிக், பிளேட்லெட் ட்ரான்ஸ்ஃப்யூஷன் என்று போட்டு, ரேண்டமைஸ்டு ட்ரையல் என்று வடிகட்டினால் 2017இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு மேலேயே வந்து நிற்கும். சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகள், சுமார் 370 பேர், நம் ஆள் மாதிரியே 20,000 அல்லது அதற்குக் கீழே. ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு. ஏற்றாதவர்களில் 26 சதவீதம். "பாருங்கள் சார், 5 சதவீதம் குறைகிறதே" என்பார் ஒரு மாணவர். பி வேல்யூ 0.16. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவு இடைவெளி தற்செயலாக வந்துவிடக் கூடியதுதான். இன்னொரு பக்கம், பக்கவிளைவு என்று பதிவானவை ஏற்றியவர்களில் 13, ஏற்றாதவர்களில் 2. ஏற்றியவர்களில் ஒருவருக்கு அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை.

இதோடு முடிவதில்லை. ட்ரையலில் இருந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் எட்டு வயதுப் பையனுக்கு இதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. நம் தேசிய வழிகாட்டியும் ரத்தக்கசிவு இல்லாதபோது 10,000க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. அப்புறம் அந்த மைத்துனர். "ஆய்வு சொல்கிறது, தேவையில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார். ஏன் காத்திருக்கிறோம், எதைக் கண்காணிக்கிறோம், எந்த அறிகுறி வந்தால் உடனே ஏற்றுவோம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதுவும் ஈ.பி.எம்.மில்தான் சேர்த்தி. தேடியது, படித்தது, பேசியது எல்லாம் சேர்த்து அரை மணிநேரம்.

இந்த அரை மணிநேரம் ஏன் நடப்பதில்லை என்பதுதான் உங்கள் உண்மையான ஆய்வுக் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒரு காரணம், யூனிட்டில் கடைசி வார்த்தை அதன் தலைமை மருத்துவரான சீஃபுடையது. ரவுண்ட்ஸில் "சார், ஒரு ட்ரையல் பார்த்தேன்" என்று தொடங்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு இரண்டு விதமான வரவேற்பு கிடைக்கும். "அப்படியா, என்ன போட்டிருக்கான்?" என்று நிற்கும் சீஃப்கள் இருக்கிறார்கள். "நான் இருபது வருஷமா பார்க்கிறேன்" என்று நகர்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகை யூனிட்டில் போஸ்டிங் போன மாணவரும் இரண்டாம் வகையில் போனவரும் உங்கள் சர்வேயில் ஒரே மாதிரிதான் டிக் அடிப்பார்கள். நடத்தையில் வித்தியாசம் மலையளவு இருக்கும். மாணவருடைய மனப்பான்மை என்று நாம் அளக்கப் பார்ப்பதில் பெரும்பகுதி அவருடைய சீஃபின் மனப்பான்மைதான் என்பது என் கருத்து.

மூத்தவர்களின் தயக்கத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. "பாரசூட் வேலை செய்யும் என்பதற்கு ரேண்டமைஸ்டு ட்ரையல் இருக்கிறதா?" என்று பி.எம்.ஜே.யில் 2003இல் ஒரு கிண்டல் கட்டுரை வந்தது, ஈ.பி.எம். பிடிக்காதவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 2018இல் அதே இதழின் கிறிஸ்துமஸ் வெளியீட்டில் சிலர் உண்மையிலேயே அந்த ட்ரையலைச் செய்தார்கள். 23 பேர் விமானத்திலிருந்து குதித்தார்கள், சிலர் பாரசூட்டோடு, சிலர் வெறும் முதுகுப்பையோடு. இரு குழுவிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது. குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர். ட்ரையல் யாரிடம் நடந்தது, அவர்கள் என் நோயாளி மாதிரி இருக்கிறார்களா என்று பார்க்காமல் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கட்டுரைகளைச் சேர்ந்து படித்து விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் முதல் கட்டுரையாக இதைத்தான் கொடுக்க வேண்டும், சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

"நம் நோயாளிகள் வேறு, அது வெள்ளைக்காரன் டேட்டா" என்ற மறுப்பும் அடிக்கடி வரும். சில நேரம் நியாயம்தான். ஆனால் உலகின் மருத்துவப் பழக்கத்தையே மாற்றிய ஒரு ட்ரையல் சென்னையில் நடந்தது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. காசநோய் என்றால் சானட்டோரியம், ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு என்று உலகமே நம்பிய காலம். தாம்பரத்தில் இன்றும் அந்தப் பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேரை சானட்டோரியத்தில் சேர்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. சானட்டோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையில் படிக்கும் மாணவர்கள் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வேலூரிலும் ஒன்று உண்டு. ஆவேசமாக வரும் மனநோயாளியை அமைதிப்படுத்த லோரஸிபாம் ஊசியா, ஹாலோபெரிடாலும் ப்ரோமெதசினும் சேர்ந்ததா என்று சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் 200 பேரிடம் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். இரண்டும் வேலை செய்தன. இரண்டாவது சீக்கிரம் அடக்கியது. விலை மலிவான, எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிற மருந்துகள். காக்ரேன் அமைப்பின் தெற்காசியக் கிளையும் வேலூரில்தான் வேர்விட்டது.

இரண்டாவது காரணம் தேர்வு. இதில் மாணவரைக் குறை சொல்வது அநியாயம். முதுநிலைக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் 200 எம்.சி.க்யூ.; அதில் ஒரு கட்டுரையைக் கொடுத்து எடைபோடச் சொல்வதில்லை. ஃபைனல் இயரிலிருந்தே கையில் கோச்சிங் ஆப். அதில் சொல்லும் "ட்ரீட்மென்ட் ஆஃப் சாய்ஸ்" எது என்பதுதான் மார்க். சந்தேகம் வந்தால் சீனியரிடம், வாட்ஸ்ஆப்பில், இப்போது ஏ.ஐ.யிடம் கேட்கிறார். ஏ.ஐ. அழகாகப் பதில் சொல்லும், கட்டுரைப் பெயரும் தரும். அந்தக் கட்டுரை பப்மெடில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பாடத்திட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. 2019இல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டத்தில், ஃபார்மகாலஜி பிராக்டிகலில் மருந்து விளம்பரத் தாளை விமர்சிப்பது ஒரு பயிற்சி. நல்ல பயிற்சி. ஆனால் நடைமுறையில் ஜெனரிக் பெயர் இருக்கிறதா, டோஸ் இருக்கிறதா, பக்கவிளைவு போட்டிருக்கிறதா, ரெஃபரன்ஸ் இருக்கிறதா என்று பட்டியல் சரிபார்ப்பதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. அந்த ரெஃபரன்ஸை எடுத்து, விளம்பரம் சொல்வதைத்தான் அது சொல்கிறதா என்று பார்க்கச் சொன்னால் அதே ஒரு மணிநேரத்தில் முழு ஈ.பி.எம். பாடம் நடந்துவிடும். முதுநிலைக்குப் போனால் தீசிஸ் கட்டாயம். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சி ஆன்லைன் கோர்ஸும் கட்டாயம். கோர்ஸ் நன்றாகவே இருக்கிறது. தீசிஸ்தான் பல இடங்களில் சடங்கு. டேட்டாவை வெளியே கொடுத்துப் புள்ளியியலை முடித்து வாங்கிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எப்படிக் கற்பித்தால் மாறும் என்பதற்கும் ஆய்வு உண்டு. குமாரசாமியும் கானும் 2004இல் பி.எம்.ஜே.யில் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், முதுநிலை மாணவர்களிடம் நடந்தவை. தனி வகுப்பாக ஈ.பி.எம். நடத்தினால் அறிவு மட்டும் கூடுகிறது. வார்டு வேலையோடு கலந்து நடத்தினால் அறிவு, திறமை, மனப்பான்மை, நடத்தை எல்லாமே மாறுகின்றன. இருபது வருடம் ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் லெக்சர் ஹாலில் பவர்பாயின்ட்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆங்கிலம் தடையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கலாம். 2020இலிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் அதிகம் வருகிறார்கள். ஆய்வுக்கட்டுரையின் முன்னுரையும் விவாதமும் அவர்களை மிரட்டும். நல்ல வேளையாக அந்த இரண்டும்தான் ஒரு கட்டுரையில் நம்பத் தகாத பகுதிகள். மெதட்ஸும் அட்டவணைகளும் எளிய ஆங்கிலம், மீதி எண்கள். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தமிழில் விவாதிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

கோவிட் காலம் இதற்கெல்லாம் பெரிய பரீட்சையாக வந்தது. கோவிடிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மா கேட்டு ஊரே அலைந்தபோது, 39 இந்திய மருத்துவமனைகளில் 464 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ட்ரையல் 2020 அக்டோபரில் வெளியானது: மரணமும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை. ஆனாலும் 2021 மே மாதம் வரை வழிகாட்டியில் பிளாஸ்மா இருந்தது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களைக் காப்பாற்றியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு லேசான காய்ச்சலுக்கும் ஸ்டெராய்டு எழுதினார்கள். இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சையோடு வந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

ஐவர்மெக்டின் என்ற மருந்து கோவிட் மரணத்தை 90 சதவீதம் குறைக்கிறது என்று 2020 கடைசியில் எகிப்திலிருந்து வந்த ஒரு முன்வெளியீட்டை (பிற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிட்ட கட்டுரையை) உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜாக் லாரன்ஸ் என்பவர் அதைப் படிப்புக்காக எடுத்துப் பார்த்தார். முன்னுரையில் பல வரிகள் வேறெங்கிருந்தோ வந்தவை என்று தெரிந்தது. மூல டேட்டா பாஸ்வேர்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது. 1234 என்று அடித்துப் பார்த்தார், திறந்தது. ஆய்வு தொடங்கிய தேதிக்கு முன்பே இறந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஒரே நோயாளியின் விவரம் திரும்பத் திரும்ப வந்திருப்பது போலவும் இருந்தது. 2021 ஜூலையில் அந்தக் கட்டுரை விலக்கப்பட்டது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்ட மெட்டா அனாலிசிஸ்கள் ஆட்டம் கண்டன. பிரமிடின் உச்சியில் இருந்தவை அவை.

இப்போது உங்கள் கேள்வித்தாள். மனப்பான்மைக் கேள்விகளை மூன்றாகக் குறையுங்கள். "தெரியுமா" வகைக் கேள்விகளை எடுத்துவிட்டு, செய்யச் சொல்லும் கேள்விகளை வையுங்கள். ஈ.பி.எம். திறமையை அளக்க ஃப்ரெஸ்னோ டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, எழுத்தில் பதில் சொல்வது. திருத்த நேரம் எடுக்கும். பெர்லின் கேள்வித்தாள் 15 எம்.சி.க்யூ.; உங்கள் கால அவகாசத்துக்கு அதுதான் தோது. மேலே சொன்ன ஹார்வர்டு கணக்கையும் சேருங்கள், ஆனால் எண்களை மாற்றி. விடை குரூப்பில் சுற்றிவிடும். நடத்தைக்கு, "ஈ.பி.எம். பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்காமல், "கடந்த ஏழு நாளில் ஒரு நோயாளியைப் பற்றி எழுந்த ஒரு சந்தேகத்தை எழுதுங்கள், பதிலை எங்கே தேடினீர்கள், கிடைத்ததா, யூனிட்டில் யாரிடமாவது சொன்னீர்களா, என்ன ஆனது?" என்று கேளுங்கள். எந்த யூனிட் போஸ்டிங் என்பதையும் பெயரில்லாமல் ஒரு எண்ணாகக் குறித்துக்கொண்டால் நான் சொன்ன சீஃப் விஷயம் சரியா தவறா என்று உங்களாலேயே சொல்ல முடியும். சரியில்லை என்று வந்தாலும் வெளியிடுங்கள்.

எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலைப் பழைய கேள்வித்தாளுக்கு வாங்கியிருந்தால், இந்த மாற்றங்களுக்குத் திருத்த விண்ணப்பம் தனியாகக் கொடுக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களின் ஆய்வுக்கு உதவித்தொகை தரும் எஸ்.டி.எஸ். திட்டத்தில் செய்கிறீர்கள் என்றால் இரண்டு மாதம்தான் அவகாசம், அதனால் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கைடு கையெழுத்துக்குத்தான் பெரும்பாலும் நாள் போகும்.